கலிப்ரி: சாட்சிக் கூண்டில் ஏறிய எழுத்து

நீதிமன்றத்தில் மனிதர்கள் சாட்சி சொல்வார்கள். கைரேகை சாட்சி சொல்லும். துப்பாக்கி ரவை சாட்சி சொல்லும். கடந்த இருபது ஆண்டுகளில் அச்செழுத்தும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டது. ஒரு நாட்டில் அந்த எழுத்து சொன்ன சாட்சியத்தை நீதிமன்றம் செவிமடுக்கவில்லை; நூற்றுக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள். இன்னொரு நாட்டில் அதே எழுத்தின் சாட்சியத்தை நாடே கூடி நின்று கேட்டது. ஆட்சியில் இருந்த ஒரு குடும்பம் ஆட்டம் கண்டது. அந்த எழுத்தின் பெயர் கலிப்ரி.

கணினியில் ஒரு கடிதமாவது அடித்தவர்களுக்குக் கலிப்ரி பழக்கமானது. பெயர் தெரியாதிருக்கலாம், முகம் தெரிந்திருக்கும். 2007 முதல் ஏறக்குறைய பதினாறு ஆண்டுகளாக, மைக்ரோசொஃப்ட் வேர்ட் மென்பொருளில் புதிய பக்கம் ஒன்றைத் திறந்து ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினால், நாம் கேளாமலே வந்து நின்றது அந்த எழுத்துருதான். முனைகள் மழுங்கிய, உருட்சியான, கண்ணை உறுத்தாத எழுத்து.

ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தின் கடைசிப் பகுதியில் நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தேன். பின்னர் கணினி வந்தது, அச்சுக்கோப்பாளர்கள் போனார்கள், பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆசிரியபீடங்களை ஆண்டன, அதன் பின் யுனிகோட் வந்தது. இத்தனை மாற்றங்களுக்கு நடுவே இருந்தவன் என்ற வகையில் எழுத்து வடிவங்கள் மீது எனக்குத் தனியான ஆர்வம் உண்டு. ஆயினும் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அழகியல் ஆர்வம் அன்று. ஓர் எழுத்தின் வடிவம் ஆவணத்தின் உண்மையைப் பற்றி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்ற கேள்வி, ஆவணங்களைச் சுமந்துகொண்டு நாடு நாடாக அலைந்த நம்மைப் போன்ற சமூகத்துக்கு வெறும் ஏட்டுக் கேள்வி அன்று.

முதலில் கலிப்ரியின் குலத்தைப் பார்ப்போம்.

இலத்தீன் எழுத்துகளின் கால் நுனிகளில் சிறு கீற்றுகள் இருப்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். அந்தக் கீற்றுக்கு செரிஃப் என்று பெயர். லண்டனின் 'தி டைம்ஸ்' பத்திரிகைக்காக ஸ்டான்லி மொரிசனின் மேற்பார்வையில் விக்டர் லார்டென்ட் வரைந்து, 1932 ஒக்டோபரில் அப்பத்திரிகையில் முதன்முதலாக அச்சேறிய டைம்ஸ் நியூ ரோமன், கீற்றுள்ள எழுத்துக்கு நல்ல உதாரணம். கீற்றில்லா எழுத்தை சான்ஸ் செரிஃப் என்பார்கள். அச்சுக்குரிய முதலாவது கீற்றில்லா எழுத்தை 1816 அளவில் லண்டனில் நான்காம் வில்லியம் கஸ்லன் வெளியிட்டார். விளம்பரங்களிலும் பெயர்ப்பலகைகளிலும் தொடங்கிய அந்த எழுத்து, 1957இல் சுவிற்சர்லாந்தில் பிறந்த ஹெல்வெற்றிகாவோடு உலகெங்கும் பரவியது.

கீற்றில்லா எழுத்தின் நுனிகளையும் மழுக்கிவிட்டால் கிடைப்பது உருள்முனை எழுத்து. அறிவிப்புப் பலகையில் சுழலும் உளியால் எழுத்தைக் குடையும்போது நுனி தானாகவே உருண்டுவிடும். தடித்த பேனாவால் எழுதினாலும் அப்படியே. வடிவமைப்பாளர்கள் இதனை அச்செழுத்துக்கும் கொண்டுவந்தார்கள். ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்துக்காக 1979இல் உருவான 'வாக் ரவுண்டட்' இவ்வகையில் புகழ்பெற்றது. பின்னாளில் அப்பிள் கணினிகளின் விசைப்பலகைகளில் பல ஆண்டுகள் பொறிக்கப்பட்டிருந்ததும் அதுவே.

அடுத்தது சாய்வெழுத்து. இதன் பிறப்பிடம் வெனிஸ் நகரம். அச்சகர் ஆல்டஸ் மனூட்டியஸ், எழுத்து வெட்டுநர் பிரான்செஸ்கோ கிரிஃபோவைக் கொண்டு, அக்காலத்துக் கற்றோரின் கையெழுத்தைத் தழுவி ஓர் அச்செழுத்தைச் செய்வித்தார். 1501இல் வெர்ஜிலின் கவிதைகளை அந்த எழுத்தில் கையடக்க நூலாக வெளியிட்டார். ஆகவே இத்தாலிக் எழுத்து என்பது நேர் எழுத்தைப் பிடித்துச் சரித்தது அன்று; அது கையெழுத்தின் வழிவந்த வேறோர் எழுத்து. சாய்வு அதன் ஓர் இயல்பு மட்டுமே. நிமிர்ந்த எழுத்தில் இரண்டு அடுக்காக நிற்கும் ஆங்கில 'ஏ', சாய்வெழுத்தில் பேனாவால் ஒரே வீச்சில் எழுதியது போல ஒற்றை அடுக்காகிவிடும்.

கீற்றில்லா எழுத்துகள் பெருகியபோது இந்த வேறுபாடு பெரும்பாலும் மறக்கப்பட்டது. ஹெல்வெற்றிகாவின் சாய்வெழுத்து, நேர் எழுத்தைச் சரித்ததுதான். ஏரியலும் அப்படியே. நம்முடைய தமிழுக்கும் கணினியில் இதுவே நடக்கிறது. தமிழுக்கு இத்தாலிக் மரபு கிடையாது. அழுத்திச் சொல்லவேண்டிய இடத்தில் நமது அச்சகங்கள் தடித்த எழுத்தையோ மேற்கோள் குறிகளையோ பயன்படுத்தின. கணினியில் சாய்வுப் பொத்தானை அமுக்கினால் தமிழ் எழுத்துகள் காற்றில் சாய்ந்த வேலிபோல ஒரு பக்கமாகச் சரியுமே தவிர, வேறு எழுத்தாவதில்லை.

இந்த இடத்தில்தான் கலிப்ரி தனித்து நிற்கிறது. அது கீற்றில்லா எழுத்து. முனைகள் மெல்ல உருண்டவை. அதோடு அதற்கு உண்மையான இத்தாலிக் சாய்வெழுத்து உண்டு. மூன்று இயல்புகளும் ஒன்றாய்ச் சேர்ந்திருப்பது அரிது. சிறிய அளவில் அதன் உருட்சி கண்ணுக்குத் தெரியாது. பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு மூலையும் கூழாங்கல்போலத் தேய்ந்திருப்பது புலப்படும்.

இதனை வடிவமைத்தவர் லூகாஸ் டி குரூட். நெதர்லாந்தில் 1963இல் பிறந்தவர். டென் ஹாக் நகரின் அரச கலைக் கழகத்தில் கெரிட் நோர்ட்சைய் என்ற ஆசிரியரிடம் பயின்றவர். அச்செழுத்தின் வேர் பேனாவின் அசைவில் இருக்கிறது என்பது அந்த ஆசிரியரின் கோட்பாடு. மாணவரின் சாய்வெழுத்தில் அதன் தடத்தைக் காணலாம். பின்னர் பெர்லினில் குடியேறிய டி குரூட், 1994இல் வெளியிட்ட 'தீசிஸ்' என்ற பெரும் எழுத்துருக் குடும்பத்தால் அறியப்பட்டார்.

மைக்ரோசொஃப்ட் அவரை நாடியதற்குக் காரணம் ஒரு தொழில்நுட்பம். கணினித் திரையில் எழுத்து சதுரப் புள்ளிகளால் ஆனது. வளைவுகளையும் சாய்வுகளையும் சதுரங்களால் காட்ட முயன்றால் படிக்கட்டுப்போலத் தெரியும். சாய்வெழுத்து இதனால் பட்ட பாடு சொல்லி மாளாது. திரவப் படிகத் திரைகளில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று மெல்லிய கீற்றுகளால் ஆனது. அந்த மூன்று கீற்றுகளையும் தனித்தனியே ஆண்டால் அகலவாட்டில் மூன்று மடங்கு நுணுக்கம் கிடைக்கும். 1998 நவம்பரில் அறிவிக்கப்பட்ட 'கிளியர்டைப்' தொழில்நுட்பத்தின் சாரம் இதுவே.

அந்தத் தொழில்நுட்பத்துக்கென்றே புதிய எழுத்துருக்களை மைக்ரோசொஃப்ட் செய்வித்தது. இலத்தீன் எழுத்துக்குரிய ஆறு எழுத்துருக்களுக்கும் ஆங்கில 'சி' எழுத்தில் தொடங்கும் பெயர்கள்: கலிப்ரி, கேம்பிரியா, கன்டாரா, கொன்சோலாஸ், கொன்ஸ்டான்ஷியா, கோர்பெல். இவற்றில் கலிப்ரியும் கொன்சோலாஸும் டி குரூட்டின் கைவண்ணம். 2002க்கும் 2004க்கும் இடையில் கலிப்ரி வரையப்பட்டது. ஒஃபிஸ் 2007, விண்டோஸ் விஸ்டா ஆகியவற்றோடு 2007 ஜனவரி 30இல் பொதுச் சந்தைக்கு வந்தது. பெரு நிறுவனங்களுக்கு அதற்கு இரண்டு மாதங்கள் முன்னதாக, 2006 நவம்பர் இறுதியில் கிடைத்தது. அதற்கும் முன்னர் சோதனைப் பதிப்புகள் கணினித் துறையினரிடையே உலவின. இந்தத் திகதிகளை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒஃபிஸ் 2007இல் மைக்ரோசொஃப்ட் எடுத்த முடிவு ஒன்றே கலிப்ரியைச் சரித்திரத்துக்குள் தள்ளியது. வேர்ட்டில் டைம்ஸ் நியூ ரோமன் இருந்த இடத்திலும், எக்செல் முதலியவற்றில் ஏரியல் இருந்த இடத்திலும் கலிப்ரி அமர்த்தப்பட்டது. எவரும் தேர்ந்தெடுக்காமலே எல்லோரும் பயன்படுத்தும் எழுத்தாக அது மாறியது. மோசடி செய்பவர் தாளைப் பழுப்பாக்குவார், கையொப்பத்தைப் பழகுவார், திகதியைத் திருத்துவார். தான் தேர்ந்தெடுக்காத ஒன்றைத் திருத்தவேண்டும் என்று அவருக்குத் தோன்றுவதில்லை.

இதற்கு முன்னோடியான ஒரு நிகழ்வு பத்திரிகைத் துறையிலேயே நடந்தது. 2004 செப்டெம்பர் 8ஆம் திகதி அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி, ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ்ஷின் இராணுவ சேவை பற்றிய சில குறிப்புகளை வெளியிட்டது. 1972, 1973ஆம் ஆண்டுகளில் ஓர் அதிகாரி தட்டச்சு செய்தவை என்று அவை காட்டப்பட்டன. சில மணி நேரத்துக்குள் இணையத்தில் கேள்விகள் எழுந்தன. அந்த எழுத்துகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு அகலம் கொண்டிருந்தன. பழைய தட்டச்சுப் பொறிகளில் பெரும்பாலானவை எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் கொடுப்பவை. வேர்ட்டைத் திறந்து அதே வாசகங்களை டைம்ஸ் நியூ ரோமனில் அடித்தால் வரிக்கு வரி அப்படியே பொருந்தியது. செப்டெம்பர் 20இல் அந்த ஆவணங்களின் உண்மைத்தன்மையை உறுதிப்படுத்த முடியவில்லை என்று சிபிஎஸ் ஒப்புக்கொண்டது. பெரும் புகழோடு இருந்த டான் ராதர், 2005 மார்ச்சில் செய்தி வாசிப்பாளர் ஆசனத்தை விட்டு அகன்றார். ஆவணம் ஒன்று கைக்குக் கிடைத்தால் அதன் வாசகத்தை மட்டுமன்றி எழுத்தையும் பார்க்கவேண்டும் என்பதை அன்று உலகப் பத்திரிகையாளர்கள் கற்றுக்கொண்டார்கள்.

இனித் துருக்கிக்குச் செல்வோம். 2010 ஜனவரியில் 'தராஃப்' என்ற துருக்கிப் பத்திரிகை ஓர் அதிர்ச்சித் தகவலை வெளியிட்டது. 2003இல் இராணுவ அதிகாரிகள் அரசைக் கவிழ்க்கத் திட்டமிட்டார்கள் என்றும் அத்திட்டத்தின் பெயர் 'பல்யோஸ்' என்றும் அது கூறியது. துருக்கி மொழியில் அதற்குச் சம்மட்டி என்று பொருள். பள்ளிவாசல்களில் குண்டு வைப்பது முதற்கொண்டு பல சதிகள் அந்தக் கோப்புகளில் விவரிக்கப்பட்டிருந்தன. ஓய்வுபெற்ற ஜெனரல் செட்டின் டோகன் முதல் எதிரியாக்கப்பட்டார். நூற்றுக்கணக்கான அதிகாரிகள் கைதானார்கள்.

துருக்கியில் இராணுவம் பல தடவை ஆட்சியைக் கவிழ்த்திருக்கிறது. ஆகவே குற்றச்சாட்டை நம்புவதற்குப் பலருக்கும் நியாயம் இருந்தது. ஆனால் ஜெனரலின் மகள் பினார் டோகனும் அவரது கணவர் டானி ரொட்ரிக்கும் கோப்புகளை ஒவ்வொன்றாக ஆராயத் தொடங்கினார்கள். இருவரும் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பொருளியலாளர்கள். 2003இல் எழுதப்பட்டதாகச் சொல்லப்பட்ட கோப்புகளில், பின்னாளில் மட்டுமே தோன்றிய நிறுவனப் பெயர்கள் இருந்தன. கணினித் தடயவியல் ஆய்வு இன்னோர் உண்மையை வெளியே கொண்டுவந்தது. கோப்புகளின் உள்ளே, திரையில் தெரியாத இடத்தில், கலிப்ரி என்ற பெயர் பதிந்திருந்தது. ஒஃபிஸ் 2007இல் ஒருமுறையேனும் திறந்து திருத்தப்படாமல் அந்தப் பெயர் அங்கே வந்திருக்க முடியாது. பிற்காலத்தில் எவரோ இற்றைப்படுத்தியிருக்கலாம் என்று வாதிடவும் இடமில்லை. கோப்புகள் இருந்த குறுவட்டுகள் 2003இல் ஒரே தடவையில் பதிந்து முடிக்கப்பட்டவை என்பதே அவற்றின் மீது காணப்பட்ட பதிவு. 2003இல் மூடிய பெட்டிக்குள் 2007இன் பொருள் இருந்தது.

நீதிமன்றம் இதனை ஏற்கவில்லை. 2012 செப்டெம்பர் 21இல் 365 எதிரிகளில் 325 பேருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. டோகன் உள்ளிட்ட மூவருக்கு இருபது ஆண்டுகள். 2013 ஒக்டோபரில் மேல்நீதிமன்றம் 237 பேரின் தண்டனையை உறுதி செய்தது. 2014 ஜூனில் அரசியலமைப்பு நீதிமன்றம், எதிரிகளின் நீதியான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்த பின்னரே மறுவிசாரணை வந்தது. 2015 மார்ச் 31இல் 236 பேரும் விடுதலை செய்யப்பட்டார்கள். எழுத்து தொடக்கத்திலேயே சொன்ன சாட்சியத்தை நீதி கேட்டு முடிக்க ஐந்து ஆண்டுகளுக்கு மேலாயின. அந்த ஆண்டுகளை அவர்களுக்கு எவராலும் திருப்பிக் கொடுக்க இயலாது.

அடுத்தது நமது பிராந்தியத்தில், பாகிஸ்தானில் நடந்தது. 2016 ஏப்ரிலில் வெளியான பனாமா ஆவணங்கள், பிரதமர் நவாஸ் ஷரீஃபின் பிள்ளைகளுக்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் இருந்த தொடர்பை வெளிப்படுத்தின. லண்டன் பார்க் லேன் பகுதியில் உள்ள அவென்ஃபீல்ட் அடுக்குமாடி வீடுகள் விவகாரத்தின் மையமாயின. மகள் மரியம் நவாஸ் உரிமையாளர் அல்லர், தம் சகோதரர் சார்பில் நம்பிக்கைப் பொறுப்பாளர் மட்டுமே என்று காட்டுவதற்கு நம்பிக்கைப் பொறுப்பு உறுதிகள் சமர்ப்பிக்கப்பட்டன. அவற்றில் இருந்த திகதி 2006 பெப்ரவரி 2.

உயர் நீதிமன்றம் நியமித்த கூட்டுப் புலனாய்வுக் குழு 2017 ஜூலை 10இல் அறிக்கை அளித்தது. லண்டன் தடயவியல் ஆய்வாளர் ரொபர்ட் ராட்லியின் கருத்து அதில் இருந்தது: உறுதிகள் கலிப்ரி எழுத்தில் உள்ளன, கலிப்ரியோ 2007 ஜனவரி 31க்கு முன் வணிக ரீதியில் கிடைக்கவில்லை. ஒரே இரவில் பாகிஸ்தான் மக்கள் எழுத்துரு நிபுணர்களானார்கள். விக்கிபீடியாவில் கலிப்ரியின் வரலாற்றையே மாற்றி எழுத ஆட்கள் முண்டியடித்ததால் அந்தப் பக்கத்தைத் திருத்துவதற்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது.

2017 ஜூலை 28இல் உயர் நீதிமன்றம் நவாஸ் ஷரீஃபைப் பதவி நீக்கியது. இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். அவர் பதவி இழந்தது கலிப்ரியால் அன்று. ஐக்கிய அரபு அமீரகத்து நிறுவனம் ஒன்றிலிருந்து தமக்குச் சேரவேண்டிய சம்பளத்தை வேட்புமனுவில் காட்டவில்லை என்பதே தீர்ப்பின் காரணம். கலிப்ரி வேலை செய்தது மகளின் வழக்கில். 2018 ஜூலை 6இல் பொறுப்புடைமை நீதிமன்றம் தந்தைக்குப் பத்து ஆண்டுகளும் மகளுக்கு ஏழு ஆண்டுகளும் சிறை விதித்தது. நம்பிக்கைப் பொறுப்பு உறுதிகள் போலியானவை என்றது.

கதை அங்கே முடியவில்லை. 2007க்கு முன்னரே கலிப்ரியின் சோதனைப் பதிப்புகள் இருந்தன என்பது எதிரி தரப்பின் வாதம். அது உண்மையும்கூட. ஆனால் சட்டத்தரணி அலுவலகம் ஒன்று, சந்தைக்கு வராத மென்பொருளின் சோதனைப் பதிப்பில் உறுதி எழுதியிருக்குமா என்பது வேறு கேள்வி. முடியாதது வேறு, நடந்திருக்க வாய்ப்புக் குறைந்தது வேறு. இறுதியில், குற்றச்சாட்டு நிறுவப்படவில்லை என்று 2022 செப்டெம்பர் 29இல் இஸ்லாமாபாத் மேல் நீதிமன்றம் மரியமை விடுவித்தது. 2023 நவம்பரில் நவாஸும் விடுவிக்கப்பட்டார். 2024 பெப்ரவரியில் மரியம் பஞ்சாப் மாகாண முதலமைச்சரானார்.

இரு வழக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. துருக்கியில் எழுத்தின் சாட்சியம் தனியே நிற்கவில்லை; நிறுவனப் பெயர்கள், வட்டின் பதிவு என வேறு சாட்சியங்கள் அதனைத் தாங்கின. அங்கே அது கேட்கப்பட்டிருக்க வேண்டும், கேட்கப்படவில்லை. பாகிஸ்தானில் தெருவெல்லாம் அதன் குரலே ஒலித்தது. ஆனால் அதனிடம் கேட்கவேண்டிய குறுக்குக் கேள்விகளைக் கூட்டம் கேட்கவில்லை. எந்தச் சாட்சியையும்போல எழுத்தையும் விசாரித்துத்தான் நம்பவேண்டும்.

தமிழிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. 1978 ஒக்டோபரில் எம்.ஜி.ஆர் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட பதின்மூன்று எழுத்துகள் இன்றைய வடிவத்தைப் பெற்றன. தும்பிக்கை தூக்கிய பழைய 'லை'யை நாற்பது வயதைத் தாண்டிய வாசகர்கள் பழைய நூல்களில் பார்த்திருப்பார்கள். அப்படியானால், 1960ஆம் ஆண்டின் துண்டுப்பிரசுரம் ஒன்றில் புதிய 'லை' இருந்தால் அது போலியா? அவசரப்பட்டால் ஆம் என்போம். ஆனால் பெரியார் தமது 'குடி அரசு' ஏட்டில் 1935இலேயே சீர்திருத்த எழுத்தைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். அந்தப் பிரசுரம் சுயமரியாதை இயக்கத்தினுடையது என்றால் புதிய 'லை' அங்கே இருப்பதே இயல்பு. மறுபுறம், ஆணை தமிழ்நாட்டுக்கு உரியது. இலங்கையில் பழைய வடிவங்கள் அதன் பின்னரும் நெடுங்காலம் புழங்கின. ஆகவே எழுத்தின் வடிவத்தோடு அது பிறந்த இடத்தையும் கையையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

கலிப்ரியில் தமிழ் எழுத்துகள் இல்லை. வேர்ட்டில் கலிப்ரியைத் தேர்ந்துகொண்டு யுனிகோட்டில் தமிழ் அடித்தாலும், விண்டோஸ் தன்னிடம் உள்ள வேறு தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 2000, எக்ஸ்பி காலத்தில் அது லதா. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் நிர்மலா. ஆகவே நாம் அடிக்கும் தமிழ் ஆவணங்களும் தத்தம் காலத்தின் முத்திரையைத் தாங்கியே பிறக்கின்றன. நிர்மலா எழுத்தில் அமைந்த கடிதம் ஒன்று 2005ஆம் ஆண்டுத் திகதியோடு வந்தால், விளக்கம் கேட்க நமக்கு உரிமை உண்டு.

விளக்கம் கேட்பது வேறு. குற்றம் சாட்டுவது வேறு. நம்மவர்கள் குறிப்பாக எண்ணிப் பார்க்கவேண்டியது இதைத்தான். போரிலும் இடப்பெயர்விலும் காணி உறுதிகளையும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களையும் இழந்த குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். கையில் இருப்பவை பெரும்பாலும் பிற்காலத்தில் பெற்ற பிரதிகள். அல்லது சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் அடித்துக் கொடுத்த மொழிபெயர்ப்புகள். 1975இல் பிறந்த ஒருவரின் பத்திரத்தை 2010இல் மொழிபெயர்த்தால் அது கலிப்ரியில்தான் இருக்கும். எழுத்து சொல்வது தாள் அடிக்கப்பட்ட காலத்தை. பத்திரம் சொல்வது பிறந்த காலத்தை. இரண்டுக்கும் முரண்பாடு இல்லை. ஆயினும் மொழிபெயர்த்த திகதியைத் தாளில் குறிக்காமல் விட்டால், தொலைதேசத்து அலுவலகம் ஒன்றில் இந்த வேறுபாட்டை அறியாத ஒருவரின் கையில் அது வீண் சந்தேகத்தைக் கிளப்பக்கூடும். பிரதி எடுத்த திகதி, மொழிபெயர்த்த திகதி இரண்டையும் தாளிலேயே தெளிவாக எழுதுவிப்பது இலகுவான காரியம். அதைச் செய்வியுங்கள் என்று வாசகர்களை வேண்டிக்கொள்கிறேன்.

கலிப்ரியின் அரசியல் வாழ்வு இன்னும் முடியவில்லை. வாசிப்புச் சிரமம் உள்ளவர்களுக்கு இலகுவாக இருக்கும் என்று கூறி, 2023இல் அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் டைம்ஸ் நியூ ரோமனை விட்டுக் கலிப்ரிக்கு மாறியது. 2025 டிசம்பரில் இராஜாங்கச் செயலாளர் மார்கோ ரூபியோ அந்த முடிவை வீண் செலவு என்று சொல்லி மறுபடியும் டைம்ஸ் நியூ ரோமனைக் கொண்டுவந்தார். எழுத்தின் கால்நுனியில் கீற்று வேண்டுமா வேண்டாமா என்பதும் கட்சி அரசியலாகிவிட்ட காலம் இது.

மைக்ரோசொஃப்டும் கலிப்ரியை அரியணையிலிருந்து இறக்கிவிட்டது. 2021இல் ஐந்து புதிய எழுத்துருக்களை முன்வைத்து, 2023 ஜூலையில் அவற்றுள் ஸ்டீவ் மற்றெசன் வடிவமைத்ததைத் தேர்ந்து, ஆப்டோஸ் என்று பெயரிட்டு முதன்மை எழுத்துருவாக்கியது. கலிப்ரி இன்னமும் கணினிகளில் இருக்கிறது. ஆனால் கேளாமலே வந்து நிற்பதில்லை. இனி வரும் ஆண்டுகளில், 2015ஆம் ஆண்டுத் திகதியிட்ட ஆப்டோஸ் ஆவணம் ஒன்று ஏதேனும் ஒரு நீதிமன்றத்தில் விரிக்கப்படலாம். அப்போது அந்த எழுத்து சொல்வதைச் செவிகொடுத்துக் கேட்கவேண்டும். கேட்டுவிட்டு, அந்தத் தாளை யார், எங்கே, எதற்காக அடித்தார்கள் என்றும் கேட்கவேண்டும்.